திரையைத் திறக்க முடியவில்லை

காலை ஐந்தேமுக்காலுக்கு ஷம்ஷாத் கூப்பிட்டாள்,
தோட்டப்பாளையம் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து.
"ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு மேடம்.
டிவி எரிஞ்சுபோச்சு, சரி.
மெஷினும் ஏன் படுத்துக்கிச்சு?"

மெஷினும்.
அந்த 'உம்'மில்தான் மாட்டிக்கொண்டேன்.

காந்திநகரில் வண்டியை எடுக்கும்போது
பதிவேட்டின் கடைசி வரி கைப்பேசியில் இருந்தது:
திரையைத் திறக்க முடியவில்லை.
அதற்குப் பின் ஒன்றுமில்லை.
எண்ணத் தெரிந்த ஒரு நிரல்
முகம் பார்க்கக் கண்ணாடி இல்லையென்று
எண்ணாமலே செத்திருக்கிறது.
எழுதியவள் நான்தான். யாரைத் திட்ட?

இரண்டு நூலகங்களை ஒரே பானையில் போட்டுக் கிளறியிருந்தேன்.
நூலகம் என்கிறோம்,
உள்ளே ஒரு புத்தகம் கிடையாது.

ஒன்று பொது வேலைக்கு.
பட்டியல், அகராதி, கடிகாரம், சரம்.
அதற்குக் கண் தேவையில்லை.
நாற்பத்தேழுக்குப் பின் நாற்பத்தெட்டு என்று
இருட்டிலும் தெரியும்.
மேசைக்கடியில் தூசியோடு கிடக்கும் பெட்டியிலும்
குடியேறிக்கொள்ளும்,
யார் பார்க்கிறார்கள் என்று கேட்காது.

மற்றது ஜன்னல் போடுவதற்கு.
வந்ததும் அது கேட்பது, திரை எங்கே.
அடுத்தது, யார் தொட்டது.
மவுஸ் நகர்ந்ததா, விசை அழுந்தியதா,
மேலே கிடந்த வேறொரு ஜன்னல் விலகியதா,
விலகினால் மறைந்திருந்த மூலையைத்
திரும்ப வரைய வேண்டும், எத்தனை தரம் விலகினாலும்.
தானாக ஒன்றும் செய்யாது.
ஆனால் கொஞ்சம் அசந்தால்
வெளுத்து உறைந்து நிற்கும், எல்லாரும் பார்க்க.

குறைவாகச் சொல்லவில்லை.
கோமளேஸ்வரி என்று ஒரு பெயர் வந்தால்
முன்னது ககரத்தை முதலில் வைத்து
ஓகாரத்தை அதன் பின்னால் ஒரே பொட்டலமாகப் போட்டுவிடும்.
எண்ணும், தேடும், முடிந்தது.
அந்தப் பொட்டலத்தைப் பிரித்து
இரட்டைச்சுழிக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்தி
ஒரு மனுஷி தன்னைத்தான் கூப்பிடுகிறார்களென்று
எழுந்து நிற்கும்படி செய்வது
ஜன்னல்காரனின் வேலை.

விருதம்பட்டு தாண்டிப் பாலம்.
தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரே சொல்லும்,
ராஜா இல்லாத கோட்டையோடு சேர்த்து.
மணலுக்குக் கீழே குழாய் இறக்கி
அதே ஊர் குடிக்கவும் செய்யும்.

கூடத்தில் ஐம்பது பேர், வெறும் வயிற்றோடு.
பாதிப் பேர் லாட்ஜிலிருந்து நேராக வந்தவர்கள்,
புருலியா, அகர்தலா, தன்பாத்,
கையில் எக்ஸ்ரே உறை.
சண்டை நடக்குமென்று நினைத்துப் போனேன்.
இல்லை.
துண்டுச்சீட்டை ஒருவருக்கொருவர் காட்டி,
விரல் மடக்கி, மொழி எட்டாத இடத்தில் தோளைத் தட்டி,
நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தேழு உட்கார்ந்திருந்தது.
வரிசை ஓடிக்கொண்டிருந்தது.
ஆனாலும் அத்தனை முகமும்
எரிந்த டிவியைப் பார்த்தபடி.

அதை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்று இரவு உட்கார்ந்து பிரித்தேன்.
எண்ணுவது கீழே, தனியாக.
திரை என்று ஒன்று இருந்தால்
அது வந்து கேட்டுக்கொள்ளட்டும், இப்போது எத்தனை என்று.
கீழே இருப்பது மேலே இருப்பதைக் கூப்பிடாது.
அதன் பெயர்கூடத் தெரியாது.
"இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றான் தணிகைவேல்.
செய்திருக்கலாம்.

ஆடியில் இடி விழுந்த மறுநாள் ஷம்ஷாத்.
"டிவி போச்சு மேடம்."
அப்புறம்?
"அப்புறம் என்ன, சீட்டு வருது,
நான் கத்திக்கிட்டிருக்கேன்."
போனை இறக்காமலே திரும்பிக் கத்தினாள்:
அறுபத்திரண்டு, பாஸட், பாஷட்டி.
எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.